செட்டை முறியும் சத்தம்

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. மெல்பர்ன் நகரின் ஓரத்துக் கிரெய்கிபர்னில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ்ப்பள்ளியின் வராந்தாவில் எனக்குக் கிடைத்தது. பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு அம்மாக்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் பக்கத்து நாற்காலிக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் கதை எழுதிறனீங்கள் எண்டு சொல்லிச்சினம். ஒண்டு கேக்கட்டோ? ஒரு பொய்யை எப்பிடி முடிக்கிறது?"

கதைகளில் வரும் பொய்யைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "உண்மை யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குத் தெரிஞ்சா பொய் தானா முடிஞ்சிடும்" என்று, நாலு பேர் கேட்கும்படி, புத்திசாலித்தனமாகச் சொன்னேன்.

"அவருக்குத் தெரிஞ்சிட்டுது. ஆனா முடியேல்ல," என்றாள்.

அவள் பெயர் நிரஞ்சலா. யாழ்ப்பாணப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்த கத்தோலிக்கப் பெண். வயது நாற்பத்துநாலு. நான் கரூர்க்காரி, பெயர் ஹரிப்பிரியா. பகலில் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை. மற்ற நேரத்தில் இது.

எழுதலாமா என்று கேட்டதற்கு இரண்டு நிபந்தனைகள் போட்டாள். ஊர்ப் பெயர் வரக்கூடாது. அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் பெயர் வரக்கூடாது.

"உங்க பேரு?"

"அது இருக்கட்டும் அக்கா. என்ர பேரில ஊருக்குள்ள எத்தினை பேர்."

2.

முதல் தொடக்கம்:

வானத்திலிருந்து மரணம் இறங்கி வந்த அந்த நாளில், பத்து வயது நிரஞ்சலா

இதை இங்கேயே விட்டுவிட்டேன். வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அதே வருஷங்களில் நான் கரூரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். விமானச் சத்தம் கேட்டால் வகுப்பே வெளியே ஓடும். அண்ணாந்து பார்த்துக் கையாட்டுவோம். விமானத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் கை தெரியும் என்று ஒருத்தி சத்தியம் செய்வாள். நாங்கள் வெளியே ஓடினோம், அவர்கள் உள்ளே ஓடினார்கள். சத்தம் ஒன்றுதான். அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது தொடக்கம்:

மெல்பர்னில் அன்று காலையிலிருந்தே மழை

(மழை பெய்யவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்றும் தோன்றாதபோது பெய்கிற மழை அது.)

மூன்றாவது தொடக்கம்:

நிரஞ்சலாவின் வேலை, விமானங்களின் இறக்கைகளை முறிப்பது.

இது உண்மை. சுருக்கமாகவும் இருக்கிறது. கைப்பேசியில் அவளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "எல்லாம் சரி அக்கா. ஆனா இறக்கை எண்டு நாங்கள் சொல்லுறேல்ல. செட்டை."

(செட்டை என்றால் எனக்குப் பாம்பு கழற்றிப் போடும் சட்டைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் ஊரில் கோழிக்கும் காகத்துக்கும் இருப்பது செட்டை. மீனுக்கும் செட்டைதான். விமானத்துக்கும் அதுவேயாம். எங்கள் 'இறக்கை'யில் ஒரு மிதப்பு இருக்கிறது. 'செட்டை' என்றால் படபடவென்று அடிக்கிறது. இனி இந்தக் கதையில் செட்டைதான்.)

3.

யுத்த காலம் என்று எழுதினால் எந்த யுத்தம் என்று கேட்பீர்கள். நிரஞ்சலாவுக்கே அந்தக் குழப்பம் இருக்கிறது. வேலையிடத்தில் வெள்ளைக்காரர்கள் 'யுத்தத்துக்கு முந்தி', 'யுத்தத்தின்போது' என்று பேசும்போது அவளுக்கு முதலில் தன்னுடைய யுத்தம்தான் மனதில் வருமாம். அதைத் தள்ளிவைத்துவிட்டு ஹிட்லரை வரவழைக்க அரை விநாடி பிடிக்குமாம்.

அவள் வேலை செய்யும் ஆய்வுகூடம் அந்த யுத்தத்தில் பிறந்தது. அல்லது அப்படி வைத்துக்கொள்கிறேன். இடத்தையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வரலாறு தேடுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியை நம்பவேண்டாம்.

அலுமினியம் கொண்டுவரும் கப்பல்களுக்கு நிச்சயமில்லாத காலம் அது. உள்ளூர் மரத்தைத் தகடு தகடாகச் சீவி, பாலிலிருந்து எடுத்த பசையால் ஒட்டி, விமானச் செட்டை செய்யமுடியுமா என்று இங்கே பார்த்திருக்கிறார்கள். அந்தப் பசை நியூகினிக் காட்டின் புழுக்கத்தில் இளகாமல் நிற்குமா என்று சின்ன அறையில் வெந்நீராவியை அடைத்துச் சோதித்திருக்கிறார்கள். காற்றுச் சுரங்கம் ஒன்று கட்டி, மேசையில் வைக்கக்கூடிய அளவு மர விமானத்தை உள்ளே தொங்கவிட்டு, புயல் வேகத்தில் காற்றை ஊதி, அது எப்படித் தத்தளிக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்கள். கையால் சுற்றும் கணக்கு இயந்திரங்களோடு வரிசையாக உட்கார்ந்த இளம்பெண்களின் படம் இன்னமும் சுவரில் தொங்குகிறது. அவர்களுடைய அண்ணன்மாரும் காதலர்களும் அந்தச் செட்டைகளில்தான் பறந்துகொண்டிருந்தார்கள். கணக்குப் பிழைத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்தபோது போர்விமானங்கள் மிஞ்சிவிட்டன. அவற்றின் செட்டைகளைக் கழற்றிக் கொண்டுவந்து, இரும்புச் சட்டத்தில் பூட்டி, முறியும்வரை மேலும் கீழும் வளைத்தார்கள். ஒன்று முறிந்ததும் அடுத்தது. ஒரே தள்ளில் முறிந்துபோகும் உலோகத்தைப் பற்றி எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். ஒன்றும் செய்யாத அளவுக்குச் சின்னச் சின்ன வளைவுகளையே திரும்பத் திரும்பத் தாங்கி, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, ஒருநாள் சாதாரண காற்றில் பட்டென்று போகிற உலோகம்தான் அவர்களுக்குப் புதிர். அதற்குப் புத்தகத் தமிழில் 'உலோக அயர்வு' என்று பெயர். நிரஞ்சலா சொல்வது: "அலுமினியத்துக்கு அலுப்பு."

'மனிதர்களும் அப்படித்தான்' என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். நன்றாகவே இருந்தது. நிரஞ்சலா வெட்டச் சொன்னாள்.

"மனிசர் உலோகம் இல்லை அக்கா. மனிசருக்கு ஓய்வு குடுத்தா சுகம் வரும். உலோகத்தை எத்தினை வருஷம் சும்மா வைச்சாலும் விழுந்த கீறல் மாறாது."

வெட்டிவிட்டேன்.

4.

இப்போது பேர்னாட். நிரஞ்சலாவின் அண்ணன். அவளைவிட ஆறு வயது மூத்தவர்.

அவரைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். மெதுவாக, பெரிய சத்தத்தோடு வந்து பீப்பாய்க் குண்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும் விமானத்துக்கு அவர்கள் ஊரில் 'சகடை' என்று பெயர். ஒருநாள் சகடை வந்தபோது பேர்னாட் தங்கச்சியை இழுத்துக்கொண்டு பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், குதித்தார். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். வந்து சேரவில்லை. அன்றைக்கு பேர்னாட்டின் வலது காதும் போய்விட்டது. அப்பா அதற்கு முன்பே கடலில் போய்விட்டவர். பேர்னாட் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன்பிடித் தொழிலுக்குப் போனார். சித்தி வீட்டில் தங்கச்சியை விட்டுப் படிக்கவைத்தார். அவள் பொறியியல் படித்தாள், மேற்படிப்புக்கு மெல்பர்ன் வந்தாள், இங்கேயே வேலை கிடைத்தது.

2010இல் பேர்னாட் படகில் அகதியாக வந்து, தடுப்பு முகாமில் இருந்து, பிறகு மெல்பர்னுக்கு விடப்பட்டார். நிரஞ்சலா காரில் கூட்டிவரப் போனாள். நெடுஞ்சாலையில் விமானம் ஒன்று இறங்குவதற்காகத் தலைக்கு மேல் தாழப் பறந்தது. முன் இருக்கையில் இருந்த பேர்னாட் முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். அது போனபிறகு நிமிர்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டார்.

"நீ இஞ்ச என்ன வேலை பிள்ளை செய்யிறாய்?"

"பாலம்," என்றாள் நிரஞ்சலா. "பாலங்கள் பழுதாகாமல் இருக்குதோ எண்டு பார்க்கிற வேலை."

"நல்ல வேலை," என்றார் பேர்னாட்.

அவ்வளவுதான் பொய். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கிழமை சொல்லலாம் என்று விட்டாள். மகள் டிலக்சி பிறந்தாள். நிரஞ்சலாவின் கணவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலை செய்வதால் மாதத்தில் பாதி வீட்டில் இருப்பதில்லை. பேர்னாட்தான் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார். மெத்தை செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வீட்டுக்கு மேலே விமானம் போனால் பேச்சை நிறுத்துவார். போனபிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யாரையாவது காரில் ஏற்றிப்போனால், வெஸ்ட் கேட் பாலத்தில் ஏறும்போது, "என்ர தங்கச்சி பார்க்கிற வேலை இது," என்பார். அவள் பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு சின்னப் பொய்யை இத்தனை வருஷம் யார் வைத்திருப்பார்கள்? கதைக்காகப் பெரிதாக்குகிறாளோ? கேட்டே விட்டேன். "உங்கட அம்மாவைக் கொண்டது ரயில் எண்டு வையுங்கோ. நீங்கள் ரயிலுக்கு இஞ்சின் பார்க்கிற ஆள். அண்ணாவிட்ட எந்த நாளில சொல்லுவீங்கள்? கிழமையைச் சொல்லுங்கோ," என்றாள்.)

5.

பொய் உடைந்தது டிலக்சியால். பதின்மூன்று வயது. அவளுக்கு வீட்டில் எது ரகசியம் என்றே தெரியாது, ஏனென்றால் அதை ரகசியம் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆய்வுகூடத்தின் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதன் களஞ்சியத்தில், யுத்தம் முடிந்த காலத்துச் செட்டைகளில் முறிபடாமல் தப்பிய ஒன்று மட்டும் கிடந்தது. எண்பது வருஷம் சும்மா இருந்த உலோகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக அதையும் முறிப்பது என்று முடிவாயிற்று. பொறுப்பு நிரஞ்சலாவுக்கு. ஊழியர்களின் குடும்பங்களும் வந்து பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது.

அன்று இரவுச் சாப்பாடு பிட்டும் நண்டுக் குழம்பும். டிலக்சிக்கு வாய் நிற்கவில்லை.

"மாமா, யூ ஹாவ் டு கம்! அம்மா ஒரு ஓல்ட் வார் பிளேன்ட விங்கை உடைக்கப்போறா!"

பேர்னாட் நண்டுக் காலைத் தட்டில் வைத்தார்.

"பாலம் இல்லையோ?"

டிலக்சி சிரித்தாள். "பாலமா? அம்மா ஒருநாளும் பாலம் செய்யேல்ல மாமா. ஷீ ஒன்லி டஸ் பிளேன்ஸ்."

நிரஞ்சலா சமையலறையில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பேர்னாட் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நல்லாயிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் டார்னெய்ட்டில் மன்னார்க்காரர் ஒருவரின் வீட்டில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நகரத்தின் இன்னொரு ஓரம் அது.

"கோவமோ அண்ணா?"

"சீச்சீ. அங்கயிருந்து வேலைக்குக் கிட்ட."

"அதுவும் பொய் அக்கா," என்றாள் நிரஞ்சலா என்னிடம். "மெத்தைக் கொம்பனி எங்கட வீட்டுக்குத்தான் கிட்ட."

என்னிடம் அவள் கேள்வி கேட்ட சனிக்கிழமை, இதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. டிலக்சி அன்றைக்கு வகுப்புக்குள் போகாமல் காரிலேயே இருந்தாள். தான் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் அழுகிற பிள்ளையை என்ன சொல்லித் தேற்றுவது?

6.

நிரஞ்சலா டார்னெய்ட்டுக்குப் போனாள். பேர்னாட் வாசலுக்கு வந்து நின்று பேசினார். உள்ளே கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அங்க என்ன செய்யிறனீ?"

"செட்டை எவ்வளவு தாங்கும் எண்டு பார்க்கிறனாங்கள். முறியப்போற செட்டையை முதலே கண்டுபிடிச்சா பறக்கிற ஆக்கள் சாகமாட்டினம்."

பேர்னாட் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்களுக்கு மேல போட்டவனும் பத்திரமா வீட்டை போனவன் பிள்ளை. அவன்ர செட்டை முறியாமல் யாரோ ஒரு ஆள் பார்த்துக் குடுத்திருக்கு. உன்னை மாதிரிப் படிச்ச ஆள்."

இந்த இடத்தில் நிரஞ்சலா வாயில் நல்ல பதிலாக ஒன்று வைக்கலாம் என்று பார்த்தேன். பயணிகள் விமானங்களைப் பற்றி, மருந்து கொண்டுபோகும் விமானங்களைப் பற்றி, கத்தியையும் கத்திபிடித்த கையையும் பற்றி. மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றும் மேடைப்பேச்சாக இருந்தன.

"நான் ஒண்டும் சொல்லேல்ல அக்கா. அப்பிடியே எழுதுங்கோ. அவர் சொன்னது உண்மைதானே? நான் சொன்னதும் உண்மை. ரெண்டையும் வைச்சுக்கொண்டு நிண்டம்."

கடைசியில் அவள் கேட்டது இதுதான். "ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணா. பார்த்துப்போட்டுக் கோவியுங்கோ."

"சத்தம் கேக்குமோ?"

"கேக்கும்."

"பெரிசாவோ?"

"ஓம். பெரிசா."

வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை.

வந்தார். பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்தார். டிலக்சி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இயந்திரங்களை இயக்கும் வேலையை ஒரு சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு, நிரஞ்சலா பார்வையாளர்கள் நிற்கும் இடத்துக்கு வந்தாள். தடித்த பிளாஸ்டிக் சுவருக்குப் பின்னால் ஒரு முப்பது பேர் நின்றார்கள். எல்லாருக்கும் காதுறை கொடுத்தார்கள். பேர்னாட் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே செட்டை கிடந்தது. வர்ணம் போய், ரிவெட் ஆணித் தலைகள் கறுத்து, நீளமாக. ஒரு முனை சட்டத்தில் பூட்டியிருந்தது. மறுமுனை வரைக்கும் கீழே வரிசையாகத் தள்ளும் தண்டுகள்.

"இதை ஓட்டினவன் யார்?" என்று கேட்டார் பேர்னாட்.

"தெரியாது. சில செட்டை யுத்தத்துக்குப் போகவே இல்லை. யுத்தம் முடிஞ்சாப்பிறகு பெட்டியோட வந்ததுகளும் இருக்கு."

"அப்ப இது ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்ல."

"இது செய்யேல்ல."

தண்டுகள் தள்ளத் தொடங்கின. செட்டை மெல்ல மேலே வளைந்தது. முதலில் பழைய நாற்காலியில் யாரோ சரிந்து உட்காருவது போல ஒரு முனகல். பிறகு மேல்தகட்டில் துணி சுருங்குவது போலச் சுருக்கங்கள் ஓடின. ரிவெட்டுகள் தெறிக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அது இவ்வளவு வளையும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு குழந்தை சிரித்தது.

இனி முறிந்த கணம். இதை நான் மூன்று விதமாக எழுதினேன்.

முதல் வடிவத்தில் பேர்னாட் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொள்கிறார். வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பார். அதனாலேயே எழுதினேன், அதனாலேயே அடித்தேன். இரண்டாவதில் அவர் அசையாமல் நிற்க, கண்ணிலிருந்து நீர் வழிகிறது. அது எந்தக் கதையிலும் எந்த மனிதரும் செய்யக்கூடியது. மூன்றாவது, நிரஞ்சலா சொன்னது. எனக்கு நம்பிக்கை வராததால் திரும்பத் திரும்பக் கேட்டு, அவளுக்குக் கோபம் வந்தது.

"கதை மாதிரி இருக்கெண்டு நான் என்ன செய்ய? நடந்தது அதுதான்."

நடந்தது: முறிவதற்குச் சற்று முன்னால், செட்டையின் நடுவில் தகடு மடியத் தொடங்கியபோது, பேர்னாட் தன் காதுறையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நிரஞ்சலாவின் இரண்டு காதுகளையும் தன் இரண்டு கைகளாலும் பொத்தினார். அவள் ஏற்கெனவே காதுறை போட்டிருந்தாள். அதற்கு மேலேயே பொத்தினார். அழுத்தி. அவள் தலை அவர் நெஞ்சில் இடித்தது.

வெடித்தது.

காதுறைக்கும் கைகளுக்கும் உள்ளே அவளுக்கு அது தூரத்துக் கதவு சாத்தும் சத்தமாகத்தான் கேட்டதாம். கட்டடமே அதிர்ந்ததாக டிலக்சி பிறகு சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். பேர்னாட் கையை எடுக்கவில்லை.

பங்கருக்குள்ளும் அவர் அப்படித்தான் செய்தார். நிரஞ்சலாவுக்குப் பத்து வயது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தன் மேல் கிடந்த அண்ணனின் பாரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. தன்னுடைய காதைப் பொத்த அவரிடம் கை மிச்சமிருக்கவில்லை என்பது இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. அங்கே, கைதட்டலுக்கு நடுவில்தான் தோன்றியது.

7.

திரும்பும்போது டிலக்சி பின் இருக்கையில் பாட்டுக் கேட்டபடி தூங்கிப்போனாள். டார்னெய்ட் வீட்டு வாசலில் நிரஞ்சலா காரை நிறுத்தினாள். பேர்னாட் இறங்கவில்லை.

"ஏன் இந்த வேலைக்குப் போனனீ?"

யாரிடமும் சொல்லாததை அவள் அப்போது சொன்னாள். கணவருக்கும் தெரியாது. என்னிடம் சொல்லும்போது வராந்தாவில் மற்ற அம்மாக்கள் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

"பங்கருக்குள்ள நான் மாதாவிட்டக் கேட்டனான் அண்ணா. செட்டை முறியோணும் எண்டு. சகடையின்ர செட்டை முறிஞ்சு விழோணும் எண்டு. பிறகும் ஒவ்வொரு நாளும் கேட்டனான். கம்பசில ஒரு வகுப்பில முறிஞ்ச செட்டை ஒண்டின்ர படம் காட்டிச்சினம். அப்ப யோசிச்சன், இது எப்ப முறியும், எதால முறியும்? நான் கேட்டது நடக்கக்கூடிய காரியமோ? அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் இதைப் படிச்சனான்."

"நடக்குமோ?"

"இல்லையண்ணா. அவ்வளவு லேசில முறியாது. கன பேர் கன காலம் இருந்து முறியாமல் செய்து வைச்சிருக்கினம்."

பேர்னாட் சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

"மாதா என்ன செய்வா," என்றார். "ஓட்டினவன்ர தாயும் அவவிட்டத்தானே கேட்டிருப்பாள், அல்லது அவவை மாதிரி ஒராளிட்ட."

கதவைத் திறந்து இறங்கினார். பிறகு குனிந்து, "பார்த்து ஓட்டு," என்றார்.

8.

கதை இங்கே முடிய வேண்டும். முடிக்க எனக்குச் சில வழிகள் தெரியும்.

(அ) பேர்னாட் அடுத்த நாளே பையோடு கிரெய்கிபர்னுக்குத் திரும்பி வருகிறார். டிலக்சி கதவைத் திறக்கிறாள். வாசகருக்குச் சந்தோஷம்.

(ஆ) நிரஞ்சலா வேலையை விடுகிறாள். ராஜினாமாவை அனுப்பிவிட்டு, பெண்கள் கணக்குப் போடும் அந்தப் பழைய படத்தின் முன்னால் நிற்கிறாள். விமர்சகருக்குச் சந்தோஷம்.

(இ) வருஷங்கள் கழித்து, எங்கோ ஒரு பயணிகள் விமானம், நிரஞ்சலா கண்டுபிடித்த ஒரு கீறலால்

(இ)யை முடிக்கக்கூட வெட்கமாக இருந்தது.

மூன்றையும் நிரஞ்சலாவுக்கு அனுப்பினேன். "(ஆ)வைப் பார்த்துச் சிரிச்சன். வீட்டுக் கடனை நீங்கள் கட்டுவீங்களோ?" என்று எழுதினாள். நடந்ததைக் கேட்டால், ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பேர்னாட் இன்னமும் டார்னெய்ட்டில்தான். ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருகிறார். இரண்டு முறை இரவு தங்கினார். விமானம் போனால் பேச்சை நிறுத்துகிறார், தொடர்கிறார். நிரஞ்சலாவுக்குத் தன் வேலையைப் பற்றிப் பேச வாய் வருவதில்லை, அவரும் கேட்பதில்லை.

"முடியேல்ல அக்கா. என்னவோ ஒண்டு இன்னும் கிடக்கு. என்னெண்டுதான் தெரியேல்ல."

இந்த வரியோடு கதையை முடித்து, கார்த்திகை மாதம் ஒரு பத்திரிகைக்கு அனுப்ப ஆயத்தமானேன். அதற்கு முன்னால், அவருடைய கதையும்தானே என்று, டார்னெய்ட் முகவரிக்கு ஒரு பிரதியை அச்செடுத்து அனுப்பினேன்.

9.

இந்தப் பகுதியை நிரஞ்சலா பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் வேலையிடத்தில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஹரிப்பிரியாவோ? நான் பேர்னாட். நிரஞ்சலாவின்ர அண்ணா." தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலே சத்தமாகப் பேசினார். "வாசிச்சனான் தங்கச்சி. வடிவா எழுதியிருக்கிறீங்கள். ஒண்டு மட்டும் பிழை."

"சொல்லுங்கண்ணே. மாத்திடுறேன்."

"எனக்கு முதலே தெரியும்."

எனக்குப் புரியவில்லை. "எது?"

"அவள் பாலம் பார்க்கிறேல்ல எண்டு. நான் வந்து ரெண்டாம் வருஷம். ஒருநாள் சாப்பாட்டை மறந்துபோட்டுப் போயிட்டாள். கொண்டுபோனனான். அவளின்ர பையில முந்தி ஒரு விலாசம் பார்த்தனான், அதை வைச்சு இடத்தைக் கண்டுபிடிச்சன். வாசலில பெரிய படம், பிளேன். காவலாளிட்டக் கேட்டன், அவன் சொன்னான். சாப்பாட்டைக் குடுக்கேல்ல. திருப்பிக் கொண்டுவந்து பிரிட்ஜுக்குள்ள வைச்சிட்டன்."

நான் அறையை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சே இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் பாலம்னு சொன்னீங்களா?"

"அவள் எனக்காகத்தானே சொன்னவள். அவள் சொன்னதைக் காப்பாத்தோணும். எனக்கும் அது வசதி. பாலம் எண்டு சொல்லச்சொல்ல, பாலம் மாதிரியே இருந்திச்சுது."

"அப்புறம் ஏன் வீட்டை விட்டுப் போனீங்க? தெரிஞ்ச விஷயம்தானே?"

இரைச்சல் குறைந்தது, தள்ளி வந்து பேசினார்.

"பிள்ளை வாயால சொல்லிப்போட்டுது. அதுக்குப் பிறகு தெரியாத மாதிரி இருக்கேலாதே தங்கச்சி. தெரிஞ்ச மாதிரி இருக்கிறது எப்பிடி எண்டு எனக்குப் பழக்கமில்லை. கோவப்படோணுமோ, சிரிக்கோணுமோ? டார்னெய்ட் வாசலில அவளிட்ட அப்பிடிச் சொன்னது, அது அண்டைக்கு வந்த கோவமில்லை. பன்னிரண்டு வருஷமா உள்ளுக்குள்ள கிடந்தது. பொய் சொல்லிப்போட்டன் எண்டு அவள் இப்பவும் தலையைக் குனிஞ்சுகொண்டு திரியிறாள். நானும் அவளுக்கு அதே பொய்யைத்தானே சொன்னனான்?"

"அதை நிரஞ்சலாகிட்ட சொல்லலாமே அண்ணே."

"சொல்லோணும்," என்றார். அந்த 'சொல்லோணும்' எனக்குப் பழக்கமானதாக இருந்தது. "புத்தகம் எப்ப வரும்?"

"தை மாசம்."

"அப்ப இன்னும் நேரம் கிடக்கு. நான் சொன்னதையும் எழுதுங்கோ. தைக்கு முதல் நான் சொல்லிப்போடுவன். மணி அடிக்கிறான், போட்டு வாறன் தங்கச்சி."

எழுதிவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஞாயிறுகள் போய்விட்டன. நிரஞ்சலாவைத் தமிழ்ப்பள்ளியில் பார்க்கும்போதெல்லாம் முகத்தைக் கவனிக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. "கடைசியில என்ன செய்தனீங்கள் அக்கா?" என்று கேட்கிறாள். "பார்த்துக்கிட்டு இருக்கேன்," என்கிறேன். பேர்னாட் சொல்லாமலே தை வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பகுதியை எடுத்துவிட்டால் அவர் என்னை நம்பிச் சொன்னது வீண். வைத்துவிட்டால், அண்ணன் சொல்லவேண்டியதைத் தங்கை ஒரு பத்திரிகையில் படிப்பாள்.

வாசிக்கிற உங்களுக்கு இது தை மாதம். என்ன நடந்தது என்பது அங்கே, உங்கள் பக்கத்தில், ஏற்கெனவே முடிந்திருக்கும். எனக்கு இங்கே இன்னும் கார்த்திகைதான்.

நிரஞ்சலா, உங்களுக்குத் தனியாக ஒரு வரி. அண்ணன் சொல்லிவிட்டார் என்றால் இந்தப் பகுதியில் என்ன பிழை என்று எனக்கு எழுதுங்கள், எப்போதும்போல. இன்னும் சொல்லவில்லை என்றால், நீங்கள் இதை வாசித்ததாக அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். பத்திரிகையை எங்காவது ஒளித்துவையுங்கள். இந்த ஞாயிறு அவர் சாப்பிட வரும்போது, இடது காதுப் பக்கமாக உட்கார்ந்து, அவர் சொல்லத் தொடங்கும்வரைக்கும் எழுந்து போகாமல் இருங்கள்.